குடும்பத்தோடு நட்சத்திரம் பார்க்க இருட்டான இடம் தேடுவது எப்படி

மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வுபெற்றவன் நான். வேலைக்காலம் முழுக்க விளக்கு எரியவில்லை என்ற புகாரைத்தான் கேட்டேன். இப்போது விளக்கு எரிகிறதே என்று நான் புலம்புகிறேன். "பென்ஷன் வந்தால் போதும், ஊரே இருட்டாகட்டும் என்பீர்கள்" என்று என் மனைவி இடித்துப் பேசுவாள். ஆனாலும் பாயையும் ஃபிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாகக் காரில் ஏறி உட்காருவதும் அவள்தான்.

இராசிபுரத்தில் இருந்துகொண்டு சேலம், நாமக்கல் வட்டாரத்தில் நான் இடம் பார்க்கும் முறையை எழுதுகிறேன். ஊர்ப்பெயரை மாற்றிக்கொண்டால் மதுரைக்காரருக்கும் திருநெல்வேலிக்காரருக்கும் இதே கணக்குத்தான். பெரிய தொலைநோக்கியும் கேமராவும் வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படாது. சர்க்கரை மாத்திரை போடும் பாட்டி, இருட்டுக்குப் பயப்படும் ஒரு பிள்ளை, எதற்கும் பயப்படாத இன்னொரு பிள்ளை என்று ஒரு காரை நிறைத்துக்கொண்டு போகிறவர்களுக்காக எழுதுவது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருப்பதிலேயே இருட்டான இடத்தைத் தேடி அலையாதீர்கள். லடாக்கின் ஹான்லேவை 2022-ல் இருள்வானக் காப்பகமாக அறிவித்த பிறகு, பலர் என்னிடம் "அங்கே போனால்தான் பால்வீதி தெரியுமாமே" என்று கேட்கிறார்கள். ஹான்லே 4000 மீட்டருக்கு மேல் இருக்கிற இடம். மூச்சு வாங்கும். நமக்கு அந்த வானம் வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய, தெற்குப் பக்கம் பெரிய ஊர் இல்லாத, கூப்பிடு தூரத்தில் தெரிந்தவர் வீடும் கழிப்பறையும் இருக்கிற ஒரு சிமெண்ட் களம் போதும். பிள்ளைகளுக்கு அங்கேயே வாய் பிளக்கும்.

ஒரு மணி நேரம் என்று சும்மா சொல்லவில்லை. நகரத்தின் ஒளி மூட்டம் தூரத்தோடு எப்படிக் குறைகிறது என்பதற்கு வானியலாளர்கள் வாக்கர் விதி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தூரம் இரட்டிப்பானால் அந்த மூட்டம் பாதியாக அல்ல, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சேலத்திலிருந்து 10 கிலோமீட்டரில் நிற்பவருக்கும் 20 கிலோமீட்டரில் நிற்பவருக்கும் அவ்வளவு வித்தியாசம். 40-க்குப் போனால் இன்னொரு ஆறில் ஒரு பங்கு. அதற்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் பெட்ரோல்தான் செலவாகும். பக்கத்தில் இருக்கிற சின்ன ஊரின் வெளிச்சம் அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

வரைபடம், அதன் பிறகு திசை

இணையத்தில் ஒளி மாசு வரைபடம் என்று தேடினால் செயற்கைக்கோள் அளவுகளை வைத்து வண்ணம் தீட்டிய வரைபடங்கள் கிடைக்கும். இலவசம்தான். அதில் சிவப்பும் வெள்ளையும் நகரம். மஞ்சள், பச்சை, நீலம் என்று போகப் போக இருட்டு. போர்ட்டில் என்கிற அமெரிக்கர் 2001-ல் வகுத்த 1 முதல் 9 வரையிலான அளவுகோலையும் அந்த வரைபடங்கள் காட்டும். 9 என்றால் பெருநகரத்தின் நடு. 4 கிடைத்தால் குடும்பத்தோடு தாராளமாகப் போகலாம். 5 கூடப் பரவாயில்லை. 3, 2 என்று தேட ஆரம்பித்தால் காட்டுக்குள் போய் நிற்பீர்கள்.

வரைபடத்தை அதற்கு மேல் நம்பாதீர்கள். செயற்கைக்கோள் பார்ப்பது மேலே போகும் வெளிச்சத்தை. உங்கள் தலைக்கு நேரே ஒரு கம்பத்தில் புதிதாக மாட்டிய எல்.இ.டி. விளக்கு அதற்குத் தெரியாது. அதைக் கம்பத்தடியில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் நான் முதலில் பார்ப்பது தெற்கை. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். டெல்லிக்காரருக்குக் கிடைக்காத தென்வானம் நமக்கு இருக்கிறது. அகத்தியர் நட்சத்திரம், நம் பெரியவர்கள் திரிசங்கு என்று சொல்லும் தென்சிலுவை, விருச்சிகத்தின் வால், பால்வீதியின் தடித்த நடுப்பகுதி எல்லாம் தெற்கில்தான். ஆகவே பெரிய ஊர் உங்களுக்கு வடக்கே இருக்கட்டும். சேலத்துக்காரர் ஏற்காட்டுக்கு ஏறினால் சேலம் முழுவதும் தெற்கே, காலடியில் எரியும். அங்கே லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனையில் நின்று சுற்றுலாப் பயணிகள் ரசிக்கிற அந்த விளக்குக் கோலம்தான் நமக்குப் பகை.

இராசிபுரத்தில் எங்களுக்கு இரு பக்கமும் இடி. வடக்கே சேலம், தெற்கே நாமக்கல், இரண்டும் சுமார் 25 கிலோமீட்டர். அதனால் நான் கிழக்கே போகிறேன். நாமகிரிப்பேட்டைக்கு அப்பால், முள்ளுக்குறிச்சிப் பக்கம். அங்கே கொல்லிமலை தெற்கே நின்று நாமக்கல்லின் வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது. மலை ஒரு நல்ல திரை. ஆனால் மிக நெருங்கிப் போனால் வானத்தையும் சேர்த்து மறைக்கும்.

எவ்வளவு நெருங்கலாம் என்பதற்குக் கையே அளவுகோல். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகை. தரைமட்டத்திலிருந்து மலை முகடு வரை ஒரு முஷ்டிக்குள் இருந்தால் நல்ல இடம். எங்கள் வட்டாரத்தில் தென்சிலுவை உச்சத்தில் இருக்கும்போதே அதன் அடி நட்சத்திரம் ஒன்றரை முஷ்டி உயரத்தில்தான் நிற்கும், தலை நட்சத்திரம் இரண்டுக்குச் சற்று மேலே. மலை இரண்டு முஷ்டி இருந்தால் திரிசங்குவுக்குத் தலை மட்டும்தான் மிஞ்சும். தென்னந்தோப்புக்கும் இதே கணக்கு. தெற்கே 50 அடியில் தென்னை வரிசை என்றால் வேறு இடம் பாருங்கள். வடக்கில் என்ன இருந்தாலும் கவலை இல்லை. துருவ நட்சத்திரமே நமக்கு ஒரு முஷ்டி உயரத்தில்தான் தூங்கி வழிகிறது.

பகலில் ஒரு தரம், இரவில் ஒரு தரம்

இடத்தைத் தேர்ந்ததும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். முதலில் பகலில் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். களத்தின் நடுவே நின்று ஒரு முழுச்சுற்றுத் திரும்பி, கண்ணில் படுகிற ஒவ்வொரு கம்பத்தையும் பாருங்கள். பிறகு வேறொரு நாள் இரவு எட்டரை மணிக்கு ஒரு நண்பரோடு போங்கள். விதி ஒன்றே ஒன்று: எந்த விளக்கும் நேராகக் கண்ணில் படக் கூடாது. தூரத்து ஊரின் மங்கல் தெரியலாம். பல்பு தெரியக் கூடாது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் எரியும் ஒற்றை வெள்ளை விளக்கு, 30 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சேலத்தைவிடக் கண்ணைக் கெடுக்கும்.

எது எது எரியும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஊர் முச்சந்தியில் நிற்கும் ஹைமாஸ் விளக்குதான் முதல் எதிரி. உயரமான கம்பத்தின் உச்சியில் நாலாபுறமும் விளக்கு. மரத்துக்கு மேலே நிற்பதால் எதுவும் மறைக்காது. பகலில் அந்தக் கம்பத்தின் தலை தெரிகிறதென்றால் இரவில் அதன் வெளிச்சம் உங்கள் பாயில் விழும்.

அடுத்தது தெருவிளக்கு. பழைய சோடியம் விளக்கு மஞ்சளாக எரிந்தது. இப்போது வருகிற எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் நீலம் கலந்த வெள்ளை. நீல ஒளி காற்றில் அதிகமாகச் சிதறும். பகலில் வானம் நீலமாக இருப்பதும் அதனால்தான். எனவே அதே அளவு வெளிச்சத்துக்குப் புது விளக்குகள் வானத்தை அதிகமாக வெளுக்கின்றன. விளக்கு தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. கிராமங்களில் அதை அண்ணாந்து மாட்டிவிடுகிறார்கள், பாதி வெளிச்சம் வயலுக்கும் மீதி வானத்துக்கும். தெருவிளக்கு உள்ளாட்சியின் பொறுப்பு. சாய்வைத் திருத்தச் சொல்லி ஊராட்சியில் கேட்கலாம், செய்தும் கொடுப்பார்கள். நீங்களாகக் கம்பத்தில் ஏறியோ ஃபியூஸைப் பிடுங்கியோ அணைக்க நினைக்காதீர்கள். அப்படி ஏறியவர்களைக் கீழே இறக்கிய வேலையும் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்து விசேஷம் கோழிப்பண்ணை. முட்டைக்கோழிக்கு ஒரு நாளில் 16 மணி நேரம் வரை வெளிச்சம் வேண்டும் என்று பண்ணைக்காரர்கள் பல்பு போடுவார்கள். சிலர் விடிவதற்கு முன்னால், சிலர் முன்னிரவில். நீண்ட கொட்டகை முழுக்க வரிசையாக எரியும். பகலில் போகும்போதே எப்போது விளக்குப் போடுவீர்கள் என்று கேட்டுவிடுங்கள். விடிகாலைப் பண்ணை என்றால் நமக்குத் தொல்லை இல்லை, காற்று அந்தப் பக்கமிருந்து வீசாத வரையில். சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு அருமையான பெரிய களங்கள் உண்டு. பார்த்தவுடன் ஆசை வரும். ஆனால் காவலுக்கு நாலு மூலையிலும் ஃபோகஸ் லைட் போட்டிருப்பார்கள்.

கடைசியாக மோட்டார் அறையின் பல்பு. இதுதான் மிகச் சுலபமாகத் தீர்கிற பிரச்சினை. தோட்டக்காரரிடம் கேட்டால் போதும். கொல்லிமலை அடிவாரத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் களத்துக்கு எதிரே ஒரு மோட்டார் அறை உண்டு. வாசலுக்கு மேலே ஒரு சின்ன வெள்ளை பல்பு, அவ்வளவுதான். மாசி மாதம், எட்டு மணி இருக்கும். பேத்தி பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு கார்த்திகையில் எத்தனை நட்சத்திரம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். நாலு என்றாள். தோட்டக்காரர் நடந்து போய் சுவிட்சைத் தட்டினார். ஸ்டார்ட்டர் பெட்டியின் சிவப்பு, மஞ்சள், நீலக் குறிவிளக்குகள் மட்டும் கதவிடுக்கில் தெரிந்தன. கொஞ்ச நேரம் கழித்து அவள் மறுபடி எண்ணினாள். "ஆறு தாத்தா. இல்லை, ஏழு. நீங்கள் பேசாதீர்கள், கணக்குத் தப்பிப் போகிறது."

பூசம் தெரிந்தால் தேறிய இடம்

ஓர் இடம் போதுமான இருட்டா என்று சோதிக்கக் கருவி வேண்டாம். நம் நட்சத்திரப் பட்டியலே போதும். புனர்பூசம், பூசம், மகம் என்று பஞ்சாங்கத்தில் படிக்கிறோம் அல்லவா? தை, மாசியில் முன்னிரவில் கிழக்கே பாருங்கள். புனர்பூசம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள், ஜோடியாக. அதற்குக் கீழே, கிழக்கு அடிவானத்துக்குச் சற்று மேலே மகம் தனியாக மின்னும். இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில்தான் பூசம். நகரத்தில் அங்கே ஒன்றுமே இருக்காது. நல்ல இருட்டில் மூச்சுவிட்ட கண்ணாடிபோல ஒரு வெண்திட்டு தெரியும். அது ஒற்றை நட்சத்திரம் அல்ல, ஒரு கொத்து. பைனாகுலரில் பார்த்தால் பொரி சிதறியிருக்கும். வெறும் கண்ணுக்குப் பூசம் தெரிந்தால் அந்த இடத்தைக் குறித்துவையுங்கள். தெரியவில்லையென்றால் இன்னும் 10 கிலோமீட்டர் தள்ளிப் போங்கள்.

ஆடி, ஆவணியில் பூசம் கிடையாது. அப்போது தெற்கே விருச்சிகத்தின் கொடுக்கைப் பாருங்கள். கொடுக்குக்குச் சற்று இடப்புறம் மங்கலான ஒரு திட்டு தெரிந்து, பால்வீதி தெற்கிலிருந்து தலைக்கு மேலே வரை தொடர்ச்சியாக ஓடினால் நல்ல வானம்.

எந்த நாள்

இதற்குச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். அமாவாசையன்றே போக வேண்டும் என்பதில்லை. பௌர்ணமிக்குப் பிறகு நிலா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். தேய்பிறைப் பஞ்சமியன்று இரவு 10 மணி வாக்கில்தான் தலைகாட்டும். அந்தப் பக்கம் வளர்பிறைத் திரிதியை வரை ஒன்பது மணிக்குள் மறைந்துவிடும். ஆக, தேய்பிறைப் பஞ்சமி முதல் வளர்பிறைத் திரிதியை வரை பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் நிலாத் தொல்லை பெரிதாக இல்லை. இதற்குள் ஒரு சனிக்கிழமையாவது வந்துவிடும், பெரும்பாலும் இரண்டு.

மாதங்களில் தையும் மாசியும்தான் ராஜா. மழை ஓய்ந்திருக்கும், சீக்கிரம் இருட்டும், திருவாதிரையும் மிருகசீரிடமும் நடுவானத்தில் நிற்கும், தெற்கே அகத்தியர். மகாசிவராத்திரி மாசித் தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவதால் நிலா விடியலில்தான் வரும். ஊரே கண்விழிக்கிற இரவு அது. வானம் பார்க்க இதைவிடத் தோதான நாள் இல்லை. பக்கத்தில் சிவன் கோயிலில் ஸீரியல் செட்டும் ஒலிபெருக்கியும் இல்லாத இடமாகப் பாருங்கள், அவ்வளவுதான். தீபாவளியும் அமாவாசையை ஒட்டித்தான் வருகிறது. புகையில் ஒன்றும் தெரியாது, மழையும் இருக்கும். பங்குனியில் புழுதி மூட்டம். அந்தப் புழுதி ஊர் வெளிச்சத்தை வாங்கி வானமெல்லாம் பூசிவிடும். சித்திரையில் ஒரு கோடை மழை கொட்டித் தீர்த்தால் மறுநாள் இரவைத் தவறவிடாதீர்கள், காற்று கழுவிவிட்டிருக்கும். தென்சிலுவை பார்க்க வைகாசித் தொடக்கம், இரவு ஒன்பது மணியை ஒட்டி.

சூரியன் மறைந்தவுடன் இருட்டிவிடாது. நம் ஊரில் முழு இருட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஆனால் நீங்கள் சூரியன் மறைவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

கிணறும் கம்பியும்

வானத்தைப் பார்க்கப் போகிறவர்கள் தரையை மறந்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பாறையை வெட்டித் தோண்டிய அகலமான கிணறுகள் உண்டு. பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. விளிம்பில் புல் வளர்ந்து தரையோடு தரையாக இருக்கும். பகலில் பார்க்கும்போதே கிணறு எங்கே என்று கேளுங்கள். களத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே வீடோ வேலியோ இருந்தால்தான் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். இருட்டிய பிறகு எந்தக் குழந்தையும் பெரியவர் கையைப் பிடிக்காமல் பாயை விட்டு இறங்கக் கூடாது.

அடுத்ததை அடிக்கோடிட்டுப் படியுங்கள். காட்டுப்பன்றிக்குப் பயந்து சில தோட்டங்களில் திருட்டுத்தனமாக மின்வேலி போடுகிறார்கள். சட்ட விரோதம்; ஆளைக் கொல்லும்; கொன்றும் இருக்கிறது. ஒற்றைக் கம்பி, முழங்கால் உயரத்தில் குச்சிகளில் கட்டியிருக்கும், இரவில் கண்ணுக்கே தெரியாது. மலையடிவாரம், நிலக்கடலை, மரவள்ளிக்கிழங்கு, கரும்பு போட்ட வயல்கள் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். நிலத்துக்காரர் உங்களோடு நடந்து காட்டாத எந்த வயலையும் இருட்டில் குறுக்கே கடக்காதீர்கள். சோலார் வேலி சட்டப்படி அனுமதிக்கப்பட்டது, விட்டுவிட்டு அடிக்கும், உயிரை எடுப்பதற்காகச் செய்ததல்ல. அதையும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேண்டாம். மின்கம்பத்தைத் தாங்கும் ஸ்டே கம்பியில் சாய்வது, துணி போடுவது எதுவும் கூடாது.

பாம்புக்குச் சிமெண்ட் களம் நல்ல பாதுகாப்பு, சுற்றிலும் தெரியும். பகல் வெயிலின் சூடும் அதில் தங்கியிருப்பதால் மாசிப் பனியில் முதுகுக்கு இதமாக இருக்கும். வைக்கோல் போரை ஒட்டிப் பாய் விரிக்காதீர்கள். எலி இருக்கும், எலியைத் தேடி வருவதும் இருக்கும். நடக்கும்போது வெள்ளை டார்ச், காலில் ஷூ. பக்கத்து அரசு மருத்துவமனை எது, எந்த வழி என்று பகலிலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் நாலு பேருக்குச் சொல்லிவைப்பதும் பாதுகாப்புத்தான். இருட்டில் விளக்கை அணைத்துவிட்டு நிற்கும் காரைப் பார்த்தால் ஆடு திருட வந்தவன் என்றுதான் எவனும் நினைப்பான்; நானும் நினைப்பேன். டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கூடவே ஒரு பாட்டியைக் கூட்டிப் போனால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ரோந்து போலீஸ்காரர்கூட வண்டியை நிறுத்தி, "எது பாட்டி செவ்வாய்?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

காடு, கடல், மலை

இருட்டு இருக்கிற இடமெல்லாம் இரவில் இருக்கக்கூடிய இடம் அல்ல. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். திம்பம் மலைப்பாதையிலும் முதுமலைச் சாலையிலும் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. யானை நடமாடும் இடத்தில் பாய் விரித்துப் படுப்பது என்ன வீரம்? தனுஷ்கோடி அற்புதமான இருட்டு, ஆனால் பொழுது சாய்வதற்குள் வெளியேற்றிவிடுவார்கள். கடற்கரை வேண்டுமென்றால் ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டக் கடலோரக் கிராமங்களில் உறவினர் வீடு இருந்தால் மொட்டை மாடியே போதும். கடல் பக்கம் தெருவிளக்கு கிடையாது. அடிவானத்தை ஒட்டி ஈரப்பதத்தால் சற்று மங்கல் இருக்கும்.

மலைக்குத்தான் போக வேண்டும் என்றால் இரவு தங்கும் திட்டத்தோடு போங்கள். கொல்லிமலைக்குக் காரவல்லி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். தூக்கம் கண்ணைச் சொருக அதில் இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல. கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைக்கப்போவதாகத் தமிழக அரசே அறிவித்திருக்கிறது என்றால் அங்கே வானம் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். செம்மேட்டிலிருந்து விலகி இருக்கும் விடுதியாகப் பாருங்கள், முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்வி, "ராத்திரி எட்டு மணிக்கு மேல் தோட்டத்து விளக்கை அணைப்பீர்களா?" என்பதுதான். முகம் சுளிக்காமல் சரி என்று சொல்லும் இடத்தில் பணம் கட்டுங்கள். பேளூர், தும்பல் வழியாகக் கருமந்துறைக்குப் போனால் கல்வராயன் மலையில் இன்னும் அமைதியான வானம் கிடைக்கும், ஆனால் வசதிகள் குறைவு. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் தள்ளிப் போனால் பரவாயில்லை. காட்டெருமை உண்டு, வாசலைத் தாண்ட வேண்டாம்.

வசதிப்பட்டால் ஒரு தரம் ஜவ்வாது மலையில் காவலூருக்குப் போய் வாருங்கள், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழி. 1960-களில் வைணு பாப்பு என்கிற வானியலாளர் நல்ல இருட்டும் தெளிந்த வானமும் தென்வானமும் சேர்ந்து கிடைக்கிற இடம் தேடித்தான் அந்த மலையைப் பிடித்தார். நாம் காரில் தேடுவதும் அதே மூன்றைத்தான். அங்கே 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி 1986 முதல் வேலை செய்கிறது. இப்போது அதற்கு அவர் பெயர். யுரேனஸுக்கு வளையம் இருப்பதை 1977-ல் கண்டுபிடித்தபோது, காவலூரிலிருந்து பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கும் வழக்கம் உண்டு. கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை

தார்ப்பாய், அதன் மேல் கோரைப்பாய், தலையணை. நாற்காலியைவிடப் பாய்தான் சிறந்தது. அண்ணாந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் கழுத்து பிடித்துவிடும். காதுக்கு மஃப்ளர். கொசுவுக்குத் தடவும் களிம்பு. கொசுவர்த்திப் புகை வேண்டாம். சாப்பாட்டை முன்பே முடித்துவிட்டு, சுக்குக் காபி மட்டும். 10×50 பைனாகுலர் ஒன்று இருந்தால் நல்லது, மலிவான பொம்மைத் தொலைநோக்கி வாங்குவதற்கு அந்தப் பணத்தை அதில் போடுங்கள். கைப்பேசியில் நட்சத்திர வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலி, சிவப்புத் திரை அமைப்பில்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரே ஒரு தரம் வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து. பாயில் வைத்துக்கொள்ளும் டார்ச்சின் முகத்தில் பிறந்தநாள் பரிசு சுற்றும் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். காரின் உள்விளக்கையும் டிக்கி விளக்கையும் முதலிலேயே அணைத்து வையுங்கள். சாவியில் பூட்டுகிற பொத்தானை அமுக்கினால் நாலு இண்டிகேட்டரும் பளிச்சென்று அடிக்கும். யாராவது ஒருவர் கட்டாயம் அமுக்குவார். சாவியை வாங்கிப் பாட்டியின் சுருக்குப்பையில் போட்டுவிடுங்கள். கைப்பேசிகளுக்கும் அதே பை.

பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். பாடம் நடத்தாதீர்கள். திருவாதிரை சிவப்பா, இல்லையா என்று கேளுங்கள். பங்குனிக்கு மேல் என்றால் வடக்கே ஏழு முனிவர்களில் வசிட்டர் பக்கத்தில் அருந்ததி தெரிகிறதா என்று பாட்டியையும் பேத்தியையும் போட்டிக்கு விடுங்கள். கல்யாண மேடையில் பட்டப்பகலில் பார்த்ததாகத் தலையாட்டியவர்கள் எல்லோரும் அன்றைக்குத்தான் முதல் தரம் பார்ப்பார்கள். நகரும் புள்ளி எதுவானாலும் செயற்கைக்கோளா விமானமா என்று அவர்களே முடிவு செய்யட்டும், மினுக்கினால் விமானம்.

களத்துக்காரர் பணம் வாங்க மாட்டார். அவர் வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து பைனாகுலரைக் கையில் கொடுங்கள். அடுத்த அமாவாசைக்கு அவரே போன் செய்து, வானம் சுத்தமாக இருக்கிறது வாருங்கள் என்பார். காகிதம், பாட்டில் ஒன்றையும் விட்டுவராதீர்கள். கிளம்பும்போது மறக்காமல் அவரிடம் சொல்லிவிட்டு, அணைத்த மோட்டார் அறை விளக்கைப் போடச் செய்துவிட்டு வண்டியை எடுங்கள். விடிகாலை மூன்று மணிக்குத் தண்ணீர் திருப்ப வருகிறவருக்கு அந்த பல்புதான் கிணற்றின் விளிம்பைக் காட்டுவது.